நச்சு வாயு காட்டிக்கொடுத்த நொதியம்: காபனோரொட்சைட்டும் நைத்திரிக் ஒட்சைட்டு ஆக்கமும்

இரத்தக் குழாயைத் தளர்த்துவதும் நரம்புகளிடையே செய்தி கடத்துவதும் நைத்திரிக் ஒட்சைட்டின் வேலைகளுட் சில. உடலில் அதை ஆக்கித் தருவது ஒரு நொதியம். அந்நொதியத்தின் மையத்தில், இரும்பைத் தாங்கிய ஈம் என்னும் கூறு இருப்பதற்கான சான்றுகளுள் தலையாயது, காபனோரொட்சைட்டு அதனோடு பிணைந்த விதமே. சான்று கிடைத்தது 1992இல். அதை வாசிக்கும் முறை உருவாக நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

1857இல் குளோட் பெர்னாட், காபனோரொட்சைட்டு குருதியிலுள்ள ஒட்சிசனை விரட்டி அதன் இடத்தைப் பிடிப்பதைக் காட்டினார். 1890களில் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் அதைத் தாமே சுவாசித்து விளைவை அளந்தார். ஒளி பட்டால் அது ஈமோகுளோபினை விட்டுப் பிரியும் என்பதும் அவர் கண்டதே. அந்தத் தடயத்தை ஒட்டோ வார்பேர்க் விடாமல் பற்றினார். காபனோரொட்சைட்டால் அடங்கிய மதுவத்தின் சுவாசம் வெளிச்சத்தில் மீள்வதை 1926இல் கண்டவர், எந்த நிற ஒளி எவ்வளவு மீட்கிறது என்று அளந்து, சுவாச நொதியமும் ஈம் கொண்டதே என நிறுவினார். நொதியத்தைப் பிரித்தெடுக்காமலே அதன் உள்ளமைப்பை அறிந்த இந்த வழிதான், என் மதிப்பில், இவ்வரலாற்றின் மிகச் சிறந்த சாதனை.

1958இல், ஈரல் கலங்களின் நுண்துகள்களில், காபனோரொட்சைட்டோடு சேர்ந்து 450 நனோமீற்றரில் ஒளியை உறிஞ்சும் நிறப்பொருளொன்று அறிவிக்கப்பட்டது. ஒமுராவும் சாட்டோவும் 1962இல் அதை பி-450 என்றனர். ஈமோகுளோபினில் அந்த உறிஞ்சல் உச்சி 420 நனோமீற்றரை அண்டியது. பி-450இல் ஈமின் இரும்பை மறுபுறம் பிடித்திருப்பது ஹிஸ்டிடீனின் நைதரசன் அல்ல, சிஸ்தீனின் கந்தகம் என்பதே வேறுபாட்டுக்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று.

1990இல் பிரெட்டும் சினைடரும் நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்கும் நொதியத்தை மூளையிலிருந்து தூய்மையாக்கினர். அடுத்த ஆண்டு அதன் அமினோ அமில வரிசை வந்தது. ஒரு பாதி, பி-450க்கு இலத்திரன் வழங்கும் நொதியத்தை ஒத்திருந்தது. அப்படியானால் அந்த இலத்திரனைப் பெறும் ஈம் எங்கே? 1992இல் வைட்டும் மார்லெட்டாவும் இந்நொதியத்தைத் தாழ்த்தி, காபனோரொட்சைட்டைச் செலுத்தினர். உச்சி 445 நனோமீற்றரை அண்டி எழுந்தது: கந்தகம் பிடித்த ஈம். நொதியத்தின் வேலையையும் அவ்வாயு தடுத்தது. இங்கே தாழ்த்துதல் முக்கியம். இரும்பு இரு நேரேற்ற நிலையில் இருந்தால்தான் காபனோரொட்சைட்டு பற்றும்.

இரும்புக்கும் வாயுவுக்கும் இடையிலான பிணைப்பின் அதிர்வைக் கேட்டறிய உதவியது, திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கொல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல் விளைவு. அதன் வழிவந்த நிறமாலையியலும் வேக அளவீடுகளும், மூலப்பொருளான ஆர்ஜினின் அமர்ந்ததும் ஈமைச் சுற்றிய இடம் மாறுவதையும், வாயு பிணையும் வேகம் குறைவதையும் காட்டின.

இந்த வாயு ஆய்வுகூடத்துக்கு அப்பால், நம் அடுப்பங்கரையிலும் எழுகிறது. கலஹா வீதி பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகச் சென்றே தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறுகிறது. அங்கே லயக் காம்பராக்களில் இன்னும் விறகடுப்பு எரிகிறது. ஈர விறகு அரைகுறையாக எரிந்தால் காபனோரொட்சைட்டு வரும். அதனால் நைத்திரிக் ஒட்சைட்டு ஆக்கம் நின்றுபோகும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக்கூடாது. ஈமோகுளோபின் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இவ்வாயுவைப் பற்றுவதால், முதற் சேதம் குருதியில்தான். கர்ப்பிணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து அதிகம். பேராதனை மாணவர்கள் அந்தக் குசினிகளின் காற்றை அளந்து ஆய்வாக்க வேண்டும். தோட்டங்களில் புதிய வீடு கட்டுவோர், அடுப்புக்கு மேல் புகைபோக்கி வைக்காமல் திறப்பைக் கையளிக்க வேண்டாம்.