நுண்புதைபடிவ நைட்ரஜனும் பனியுகக் கடலும்

அண்டார்க்டிகப் பனியில் சிக்கியிருந்த பழங்காலக் காற்றுக் குமிழிகளை 1980களின் தொடக்கத்தில் அளந்த அறிவியலாளர்களுக்கு ஒரு புதிர் கிடைத்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 190 பங்குதான். தொழிற்புரட்சிக்கு முன் அது 280 பங்கு. குறைந்த வாயு எங்கே போயிற்று?

1984இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே துருவத்தை ஒட்டிய கடல்களைச் சுட்டின. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் ஆழத்திலிருந்து மேலே வரும் நைட்ரேட்டை மிதவைப் பாசிகள் இன்று முழுவதும் பயன்படுத்துவதில்லை. பனியுகத்தில் கூடுதலாகப் பயன்படுத்தியிருந்தால், அவற்றின் உடலோடு கூடுதல் கார்பனும் ஆழத்துக்கு இறங்கியிருக்கும்.

கருத்து நல்லதுதான், சான்று வேண்டுமே! அது நைட்ரஜன் ஐசோடோப்புகளில் கிடைத்தது. பாசிகள் கனமான நைட்ரஜன்-15ஐவிட இலேசான நைட்ரஜன்-14ஐச் சற்று விரைவாக எடுத்துக்கொள்கின்றன. நைட்ரேட் தீரத் தீர, எஞ்சியதில் கனமானதன் பங்கு கூடுகிறது. அதை உண்ட பாசியிலும் கூடுகிறது. கடலடிப் படிவில் இந்த விகிதம் பதிவாவதை ஆல்டபெட், பிரான்சுவா இருவரும் 1994இல் விளக்கினர்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கடலடியில் பாக்டீரியாக்கள் கரிமப்பொருளைச் சிதைக்கும்போது விகிதமும் மாறிவிடுகிறது. ஆகவே டேனியல் சிக்மன் குழுவினர் 1999இல் டையாட்டம் ஓடுகளுக்குள் தேடினர். டையாட்டம் தன் சிலிக்கா ஓட்டைக் கட்டும்போதே சிறிது கரிமப்பொருளையும் உள்ளே வைத்துப் பூசிவிடுகிறது. பாக்டீரியா அதை எட்ட முடியாது. ஃபோராமினிஃபெராவின் சுண்ண ஓட்டுக்கும் இது பொருந்தும். ஓட்டை நன்கு கழுவிக் கரைத்து, உள்ளிருக்கும் நைட்ரஜனை நைட்ரேட்டாக்கி, அதை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றி அளக்கிறார்கள். அந்தக் கடைசி மாற்றத்தைச் செய்வதும் பாக்டீரியாதான்!

பனியுகத்தில் காற்றோடு வந்த தூசியின் இரும்புச்சத்து பாசிகளை வளர்த்தது என்று ஜான் மார்ட்டின் 1990இல் கூறியிருந்தார். 2014இல் மார்டினெஸ்-கார்சியா குழு, ஆப்பிரிக்காவின் தென்முனைக்குத் தென்மேற்கே எடுத்த படிவில் ஃபோராமினிஃபெரா ஓடுகளை அளந்தது. தூசி மிகுந்த காலங்களில் நைட்ரஜன்-15 கூடியிருந்தது. பாசி உற்பத்தியும் கூடியிருந்தது. மார்ட்டின் அதைப் பார்க்கவில்லை, 1993இலேயே மறைந்துவிட்டார்.

அண்டார்க்டிகாவுக்கு அருகே கதை வேறு. அங்கும் பனியுக டையாட்டங்களில் நைட்ரஜன்-15 அதிகம், ஆனால் உற்பத்தி குறைவு. ஐசோடோப்பு காட்டுவது கிடைத்த நைட்ரேட்டில் எவ்வளவு பங்கு செலவானது என்பதை மட்டுமே. எவ்வளவு கிடைத்தது என்பதை அல்ல. அங்கே ஆழநீர் மேலெழுவதே குறைந்து, வரத்துச் சுருங்கியது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அப்படியானால் ஆழத்துக் கார்பன் வெளியேறும் வழியும் அடைபட்டிருக்கும்.