பார்மன் இறையியல் அறிக்கை

ஜெர்மனியின் வூப்பர்தால் நகரைச் சேர்ந்த பார்மன் பகுதியில் 1934 மே 29 முதல் 31 வரை ஒரு புராட்டஸ்டண்ட் சினாடு (சபைப் பிரதிநிதிகளின் பேரவை) கூடியது. அதன் கடைசி நாளில் ஒருமனதாக ஏற்கப்பட்ட ஆறு அம்ச விசுவாச அறிக்கையே பார்மன் இறையியல் அறிக்கை. திருச்சபை யாருடைய குரலுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கேள்விக்கு, ஹிட்லர் பதவியேற்றுச் சுமார் 16 மாதங்களில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட பதில் அது.

அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் நாத்திகர்கள் அல்லர், சபைக்குள்ளேயே இருந்தவர்கள். ‘ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்’ என்ற இயக்கத்தார் தாங்களும் கடவுளுக்கே செவிகொடுப்பதாகச் சொன்னார்கள். வேதத்தில் பேசும் கடவுள் தங்கள் இனத்தின் எழுச்சியிலும் அதன் தலைவரிலும் பேசுகிறார் என்பது அவர்கள் வாதம். 1933 ஜூலை சபைத் தேர்தலுக்கு முந்தைய நாள் ஹிட்லரே வானொலியில் அவர்களுக்கு ஆதரவாகப் பேசினார். அவர்கள் பெருவெற்றி பெற்றார்கள். செப்டம்பரில் பிரஷ்ய சபையின் சினாடு, யூத வம்சாவளியினர் போதகராக இருக்கக் கூடாது என்று விதித்தது. அதே மாதம் அந்த இயக்கத்தவரான லுட்விக் முல்லர் ‘ராஜ்ஜியப் பேராயர்’ ஆனார். நவம்பரில் பெர்லின் விளையாட்டு அரங்கில் நடந்த அவ்வியக்கத்தின் பெருங்கூட்டத்தில் ரைன்ஹோல்ட் கிராவுஸே பழைய ஏற்பாட்டையே விலக்கிவிட வேண்டும் என்று முழங்கினார். சபை உறுப்பினர் பலர் திடுக்கிட்டது அப்போதுதான்.

மார்ட்டின் நிமோலர் அதற்கு முன்பே எதிர்ப்புப் போதகர்களைத் திரட்டத் தொடங்கியிருந்தார். இந்த அணியிலிருந்தே பின்னர் ‘அறிக்கைத் திருச்சபை’ உருவானது.

அறிக்கையின் வரைவு மே மாத நடுவில் பிராங்க்பர்ட் நகர ஹோட்டல் ஒன்றில் உருவானது. பொறுப்பேற்றவர்கள் மூவர்: சீர்திருத்த மரபைச் சேர்ந்த இறையியலாளர் கார்ல் பார்த், லூத்தரன்களான தாமஸ் பிரைட், ஹான்ஸ் ஆஸ்முசென். மதிய உணவுக்குப் பின் லூத்தரன்கள் இருவரும் கண்ணயர, கெட்டியான காபியும் பிரேசில் சுருட்டும் துணையாகத் தானே எழுதி முடித்ததாக பார்த் பிற்காலத்தில் சொல்வார். பார்மனில் கூடிய 139 பிரதிநிதிகள் லூத்தரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகளிலிருந்து வந்தவர்கள். திருவிருந்து பற்றி நூற்றாண்டுகளாகக் கருத்து வேறுபட்ட மரபுகள் ஒரே அறிக்கையை ஏற்றது சிறிய காரியமல்ல.

ஒவ்வொரு அம்சமும் வேத வசனத்தில் தொடங்கி, விசுவாசிப்பதைச் சொல்லி, மறுப்பதையும் சொல்லி முடிகிறது. இந்த மறுப்பில்தான் அறிக்கையின் பலம் இருக்கிறது. வாழ்விலும் சாவிலும் செவிகொடுக்கவும் நம்பவும் கீழ்ப்படியவும் வேண்டிய இறைவார்த்தை, வேதம் சாட்சி பகரும் இயேசு கிறிஸ்து ஒருவரே என்கிறது முதல் அம்சம். வேறு நிகழ்வுகளையோ அதிகாரங்களையோ ஆளுமைகளையோ இறைவெளிப்பாடாக ஏற்க முடியாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஹிட்லரின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் 1934இல் அதைக் கேட்ட எந்த ஜெர்மானியருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ஐந்தாம் அம்சம் நீதியையும் சமாதானத்தையும் காக்கும் பணியை அரசுக்கு ஒப்புக்கொள்கிறது. ஆனால் மனித வாழ்வு முழுவதையும் ஆளும் உரிமையை அதற்கு மறுக்கிறது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த பார்த், 1935இல் பான் பல்கலைக்கழகப் பதவியை இழந்து பாசெல் திரும்பினார். 1937 ஜூலையில் கைதான நிமோலர் 1945 வரை சிறையிலும் வதைமுகாம்களிலும் இருந்தார். கிராமப் போதகரான பால் ஷ்னைடர் புக்கன்வால்ட் முகாமில் நாஜிக் கொடிக்கு மரியாதை செய்ய மறுத்துத் தண்டனை அறையில் அடைக்கப்பட்டார். திடலில் கைதிகள் வரிசையில் நிற்கும்போது அறைச் சன்னல் வழியே வேத வசனங்களை உரக்கச் சொல்வார், அதற்காக அடிபடுவார். 1939 ஜூலை 18 அன்று விஷ ஊசியால் கொல்லப்பட்டார்.

செவிகொடுப்பதற்குப் பயிற்சியும் தேவை என்று உணர்ந்தவர் டீட்ரிக் போன்ஹோபர். 1935 முதல் பின்கன்வால்டேயில் அறிக்கைத் திருச்சபையின் போதகர் பயிற்சிப் பள்ளியை நடத்திய அவர், மாணவர்கள் தினமும் காலையில் அரைமணி நேரம் ஒரு சிறு வேதப் பகுதியோடு மௌனமாக அமர வேண்டும் என்றார். ஒரு வாரம் முழுவதும் அதே பகுதிதான். பிரசங்கத்துக்குக் குறிப்பெடுப்பதற்கான நேரமல்ல அது, அந்த வார்த்தை தன்னிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்பதற்கான நேரம். மாணவர்கள் பலருக்கு முதலில் அது பிடிபடவில்லை. 1937இல் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ பள்ளியை மூடியது. 1945 ஏப்ரல் 9 அன்று போன்ஹோபர் தூக்கிலிடப்பட்டார்.

அறிக்கையில் பெரும் குறை ஒன்றும் உண்டு. யூதர்கள்மீது நடந்த கொடுமை பற்றி ஆறு அம்சங்களிலும் ஒரு சொல்கூட இல்லை. சபையின் சுதந்திரத்துக்காக எழுந்த குரல், பக்கத்து வீட்டு யூதருக்காக எழவில்லை. ஒரே ஆண்டவருக்குக் கீழ்ப்படிவதாக அறிக்கையிட்டவர்கள், அவர் பிறந்த இனத்தாரை மறந்தது வரைவின் குறை மட்டுமல்ல, கீழ்ப்படிதலிலேயே நேர்ந்த குறை. 1934இல் யூதர் பிரச்சினையை முதன்மையாக்காதது தன் குற்றமே என்று 1967இல் பார்த் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

பார்மனின் வழி பின்னாளில் வேறொரு நாட்டிலும் பின்பற்றப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் ‘கலப்பினத்தவர்’ என வகைப்படுத்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டிருந்த டச்சு சீர்திருத்த மிஷன் சபை, நிறவெறிக்கு எதிராக 1982இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்து 1986இல் ஏற்றது. விசுவாசிப்பதையும் மறுப்பதையும் அடுத்தடுத்துச் சொல்லும் பார்மன் முறையே அதிலும் உள்ளது. ஆனால் அநீதிக்கு உள்ளானவர்கள் பக்கம் கடவுள் நிற்கிறார், சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்று பெல்ஹார் நேரடியாகவே சொல்கிறது.