பழைய மேசைக்குப் புதிய இறப்பர்



பில்லியட் மேசையைக் காண்போர் கண்ணை முதலிற் கவர்வது அதன் பச்சைத் துணி. விடயமறிந்தவர்கள் துணியின் கீழே கிடக்கும் சிலேற்றுக் கல்லின் பெருமையையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பதோ, மேசையின் ஓரச் சட்டங்களில் ஒட்டப்பெற்றுத் துணிக்குள் மறைந்து கிடக்கும் இறப்பர் அணை. குஷன் என்று ஆங்கிலப் பெயராலேயே அதனைக் குறிப்பர். நூறாண்டு கடந்த அமெரிக்கப் பூல் மேசை ஒன்றில் அந்தக் குஷன் பழுதுபட்டால் எதனை மாற்றலாம், எதனைத் தொடாது விடவேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட வினா. இதற்கு விடை காணுமுன் குஷன் வந்த வழியைச் சற்று நோக்குவோம்.

புற்றரையில் ஆடிய ஆட்டம் 15ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் மேசை மீது ஏறிற்று. புல்லின் நிறமே துணிக்கு வந்தது. அக்காலத்து மேசையின் ஓரத்தில் இருந்தது வெறும் மர வேலி. பந்து நிலத்தில் விழாது காப்பதே அதன் தொழில். ஆற்றின் கரையைக் குறிக்கும் சொல்லாலே ஆங்கிலேயர் அதனை 'பாங்க்' என்றனர். ஓரத்திற் பட்டுத் திரும்பும் அடியை ஆட்டக்காரர் இன்றும் 'பாங்க் ஷொட்' என்கின்றனர். வேலியிற் பட்ட பந்து திரும்பி வருவதையும் ஆட்டத்திற் சேர்க்கலாம் எனக் கண்டபின், கம்பளித் துணிக் கீற்றுகளையும் குதிரை மயிரையும் திணித்து அணை செய்தார்கள். அதிற் பட்ட பந்து அரைத் தூக்கத்தில் எழுந்தவன்போலத் திரும்பி வந்தது.

இந்நிலையை மாற்றியவர் இலண்டனில் மேசை செய்துவந்த ஜோன் தேர்ஸ்டன். 1826இல் சிலேற்றுக் கல்லைப் பரப்பியவரும், 1835இல் இறப்பர் குஷனைப் பொருத்தியவரும் அவரே. ஆனால், அக்கால இறப்பர் பச்சை இறப்பர். வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் மரக்கட்டையாகும். இங்கிலாந்தின் மாரிக்காலத்தில், ஆட்டம் தொடங்குமுன் வெந்நீர் நிரப்பிய உலோகப் பாத்திரங்களை ஓரமெங்கும் வைத்துக் குஷனைச் சூடாக்க வேண்டியிருந்தது. விருந்தினர் கோலோடு காத்து நிற்க, பணியாட்கள் மேசைக்கு ஒத்தடம் கொடுத்த காட்சியை நேயர்கள் மனக்கண்ணில் கண்டு கொள்ளலாம்.

கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இறப்பர் குளிருக்கும் வெப்பத்துக்கும் அசையாத இயல்பைப் பெறும் என்பதை அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். இங்கிலாந்தில் தோமஸ் ஹன்கொக் 1843இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வல்கனைசுப்படுத்தல் என நாம் படிப்பிக்கும் முறை இதுவே. இரண்டாண்டுகளில், அதாவது 1845இல், தேர்ஸ்டன் நிறுவனம் அத்தகைய இறப்பரில் குஷன் செய்தது. முதற் படைப்புகளில் ஒன்று விக்ரோறியா மகாராணிக்குச் சென்றது. வெந்நீர்ப் பாத்திரங்களுக்கு விடை கிடைத்தது.

அமெரிக்காவில் இக்கலையை வளர்த்தவர் அயர்லாந்தில் பிறந்த மைக்கேல் பீலன். ஆட்டத்திலும் வல்லவர், தொழிலிலும் வல்லவர். 1859இல் டிற்றோயிற் நகரில் 15,000 டொலர் பந்தயத்தில் வென்றவர் அவர். குஷனுக்குப் பல உரிமைப் பத்திரங்கள் பெற்றவரும் அவரே. அவருடைய நிறுவனத்தின் வழிவந்த கொலென்டர் நிறுவனம் 1884இல் பிறன்ஸ்விக் நிறுவனத்தோடு இணைந்தது. இன்று பழம்பொருளாகப் போற்றப்படும் அமெரிக்க மேசைகளிற் பல அக்கூட்டு நிறுவனத்தின் படைப்புகள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குஷன் வடிவம் வைத்திருந்தது. இக்காலத்துக் குழப்பத்துக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

குஷனின் முன்முனையை மூக்கு என்பர். அது கற்பரப்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும்? பிரெஞ்சு விஞ்ஞானி கொறியோலிசு, தேர்ஸ்டன் இறப்பரைப் பொருத்திய அதே 1835இல், பில்லியட் ஆட்டத்தின் கணிதம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பந்தின் விட்டத்தில் பத்தில் ஏழு பங்கு உயரத்தில் கிடையாக அடித்தால் அது வழுக்காமல் உடனே உருளத் தொடங்கும். இறப்பர் அமுங்கி மீள்வதால், நடைமுறையில் மூக்கு சற்றுத் தாழ்ந்தே நிற்கும். சர்வதேச பூல் விதி வகுத்த உயரம் பந்தின் விட்டத்தில் 63.5 சதவீதம். 57.15 மில்லிமீற்றர் பந்துக்கு இது 36 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். மூக்கு உயர்ந்தால் பந்தைக் கல்லோடு அழுத்தி வேகத்தைக் கெடுக்கும். தாழ்ந்தால் பந்து துள்ளி எழும்.

வல்கனைசுப்படுத்திய இறப்பருக்கும் ஆயுள் உண்டு. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெப்பமும் அதனை மெல்ல மெல்ல இறுகச் செய்யும். பசை உலர்ந்து மரத்தைவிட்டுப் பிரிந்த இடத்திற் பந்து பட்டால் 'தொப்' என்று ஒரு மந்த ஒலி கேட்கும். பழையவை ஐந்து இருக்க ஒன்றை மட்டும் மாற்றுவோர் உளர். அதனால் விளையும் கேடு பெரிது. படுகோணமும் தெறிகோணமும் சமம் என்று வகுப்பறையிற் சொல்கிறோம். கண்ணாடிக்கு அது சரி. குஷனிலோ பந்தின் வேகமும் சுழற்சியும் இறப்பரின் உயிரும் சேர்ந்தே அக்கோணத்தைத் தீர்மானிக்கும். ஒரு பக்கம் இளமையும் மறுபக்கம் முதுமையுமாக இருந்தால், ஆட்டக்காரன் ஒரே மேசையில் இரு மேசைகளைக் கற்க வேண்டியதாகும். ஆகவே ஆறு சட்டங்களுக்கும் ஒருங்கே மாற்றுவதே முறை.

இந்த இறப்பருக்கும் நம் தீவுக்கும் உறவுண்டு. அக்கால இறப்பர் அமேசன் காட்டு மரங்களின் பால். 1876இல் கியூ பூங்காவிலிருந்து வந்த நாற்றுகள் ஹெனரத்கொடையில் வேரூன்றிய பின்னரே, இறப்பர் காட்டை விட்டுத் தோட்டத்துக்கு வந்தது.

இனி, மாற்றும் வேலை. சட்டங்களைக் கழற்றி, பள்ளத்தில் துணியை இறுக்கிய மெல்லிய மரக்கீற்றைக் கிளப்பி, துணியை நீக்கி, பழைய இறப்பரையும் பசையையும் சுரண்டுவார்கள். இதுவரை சிக்கலில்லை. புதிதாக ஒட்ட எதனை வாங்குவது? இன்றைய சந்தையில் பெருவழக்காக இருப்பது கே-66 என்னும் வடிவம். கே-55 என்பது வேறொன்று. ஒன்றுக்குச் செதுக்கிய மரத்தில் மற்றதை ஒட்டினால் மூக்கு தவறிவிடும். பழைய மேசைகளின் குஷன்களோ பெரும்பாலும் இவ்விரண்டையும் விட ஆழமானவை. ஒன்பது அடி மேசையின் ஆடுகளம் மூக்குக்கு மூக்கு 100 அங்குலம் நீளம், 50 அங்குலம் அகலம். ஒவ்வொரு பக்கத்திலும் மூக்கு அரை அங்குலம் பின்வாங்கினால் அது 101க்கு 51 ஆகும். நீளம் அகலத்தின் இருமடங்கு என்ற அடிப்படையே குலைந்து, சட்டத்திற் பதித்த முத்துச்சிப்பிப் புள்ளிகளைக் கொண்டு செய்யும் கணக்கும் பிழைக்கும்.

இவ்விடத்திற் சிலர் பழைய சட்டத்தையே எறிந்துவிட்டுப் புதிய சட்டம் பூட்டுகிறார்கள். ஆட்டம் திருந்தும், மேசை போய்விடும். வேறு சிலர் எதனையும் தொடாமல், கல்லாய் இறுகிய குஷனோடு மேசையைக் காட்சிப் பொருளாக்குகின்றனர். இதுவும் எனக்கு உடன்பாடில்லை. ஆடுவதற்கென்று செய்த பொருளை ஆடாமல் வைப்பது அதனைப் பாதி அழிப்பதே. துணியால் மூடப்படும் உட்பக்கத்தில் மட்டும் வன்மரக் கீற்று ஒன்றை ஒட்டி, அதனைப் புதிய குஷனுக்கேற்பச் செதுக்குவதே நல்ல தச்சர் கைக்கொள்ளும் வழி. மூக்கு பழைய இடத்துக்கே வரும். வெளியே தெரியும் கருங்காலி நிற மேற்பூச்சும் சிப்பிப் பதிப்பும் உளிபடாமல் நிற்கும். பின்வருவோர் வேண்டினால் அக்கீற்றை எடுத்துவிடவும் முடியும். பழைய மூக்கின் உயரத்தையும், நீக்கிய குஷனின் குறுக்குவெட்டு வடிவத்தையும், மாற்றிய ஆண்டையும் ஓர் அட்டையில் எழுதிச் சட்டத்தின் அடிப்புறத்தில் அறைந்து வைப்பதும் அவ்வேலையில் ஒரு பகுதியாதல் வேண்டும். அடுத்து அதனைக் கழற்றப்போகும் தச்சர் முதலில் தேடுவது அந்த அளவுகளைத்தான்.