பெட்டிகளும் பத்திகளும்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தபடியே ‘மௌன வசந்தம்’ எழுதிய ரேச்சல் கார்சனின் கையெழுத்துப் படிகள் எந்தப் பெட்டியில், எந்த உறையில் இருக்கின்றன என்று கைபேசியில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகம் அந்தப் பட்டியலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. திருநெல்வேலியில் பிறந்து சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணனைத் தேடுகிறவர் கொல்கத்தா வரை போக வேண்டியிருக்கும்.

இருவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. கார்சன் 1907இல் பிறந்தவர், கிருஷ்ணன் 1912இல். இருவரும் உத்தியோகத்தை விட்டு எழுத்தை நம்பி வாழ்ந்தவர்கள். கார்சன் அமெரிக்க மீன்வளத் துறையில் சேர்ந்து பதிப்பு ஆசிரியர் வரை உயர்ந்து 1952இல் வேலையை விட்டார். கிருஷ்ணன் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் செயலாளர் என்று பல வேலைகள் பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு சென்னைக்குத் திரும்பி, 1950இல் கொல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கினார்.

கார்சனின் காகிதங்கள் அவ்வளவு நேர்த்தியாகச் சேர்ந்திருப்பதற்கு அவருடைய புத்தகமே ஒரு காரணம் என்பது என் எண்ணம். ‘மௌன வசந்தம்’ 1962 ஜூனில் ‘நியூயார்க்கர்’ இதழில் தொடராக வந்தபோதே பூச்சிமருந்து கம்பெனிகள் பாய்ந்தன. புத்தகத்தை வெளியிடக்கூடாது என்று ஒரு கம்பெனி பதிப்பகத்தையே மிரட்டியது. டிடிடி பூச்சிமருந்தைப் பற்றி எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கையில் சாட்சி இருந்தாக வேண்டும். புத்தகத்தின் பின்னே ஆதாரப் பட்டியலே ஐம்பது பக்கத்துக்கு மேல். விஞ்ஞானிகளுக்கும் மருத்துவர்களுக்கும் எழுதிய கடிதங்கள், வந்த பதில்கள், வெட்டி ஒட்டிய செய்தித் துணுக்குகள், அடித்துத் திருத்திய படிகள் எல்லாமே வழக்காடுகிறவரின் கட்டுகள். 1964 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தபோது, எழுத்துகளின் பொறுப்பை இலக்கிய முகவர் மேரி ரோடலிடம் விட்டிருந்தார். அந்தக் கட்டுகள் யேலுக்குப் போய், நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளாகின.

கிருஷ்ணன் எதைச் சாட்சியாக வைத்தார்? தன் கண்ணை. பிறர் எழுதியதைப் பார்த்து எழுதும் பழக்கமே அவரிடம் குறைவு. காட்டில் நின்று பார்த்தார், தானே இணைத்துக் கட்டிய கேமராவில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார், வீட்டுக்கு வந்து எழுதினார். பத்தி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 46 வருடம். 1996 பிப்ரவரியில் அவர் இறக்கும்வரை நிற்கவில்லை. கணக்குப் போட்டால் ஆயிரத்தைத் தாண்டும். நாளிதழ் மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும் சாதனம். அதை நம்பி ஒரு மனிதர் தன் ஆயுளின் பாதியை எழுதித் தீர்த்தார்.

அந்தப் பத்திகளில் சிறு பகுதிதான் புத்தகமாகியிருக்கிறது. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். பறவைகள் குறித்த கட்டுரைகளை சாந்தி, ஆஷிஷ் சந்தோலா இருவரும் தனியே தொகுத்தார்கள். தமிழில் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்தார். தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய பறவைக் குறிப்புகளும் வேடந்தாங்கல் சிறுநூலும் பெருமாள்முருகன் பதிப்பித்த ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ நூலில் கிடைக்கின்றன. இவர்களில் யாரும் நூலகரோ ஆவணக் காப்பாளரோ அல்லர். பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்தவர், பெருமாள்முருகன் நாவலாசிரியர். கார்சனை ஒரு பல்கலைக்கழகம் காத்தது. கிருஷ்ணனை அவருடைய வாசகர்கள் காத்தார்கள்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. மலையின் அந்தப் பக்கம் செங்கம் சாலையில் ரமணாசிரமம் தன் ஆவணங்களைப் பொத்திப் பாதுகாக்கிறது. ரமணர் தானாக எழுதியது கொஞ்சம்தான். முனகால வெங்கடராமையா, தேவராஜ முதலியார், சூரி நாகம்மா என்று கேட்டவர்கள் உட்கார்ந்து எழுதி வைத்தார்கள், அது நின்றது. ஆனால் பக்தன் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வான், வாசகன் பிடித்ததைத்தான் வைத்துக்கொள்வான். கிருஷ்ணன் விஷயத்தில் சிக்கல் இங்கேதான். தொகுப்பாளர் விட்டுவிட்ட பத்தியில் என்ன இருந்தது என்பதை, பழைய நாளிதழ்க் கட்டைப் பிரித்தால்தான் அறியலாம்.

எதற்கு அவ்வளவு சிரமம் என்று கேட்கலாம். அண்ணாமலைச் சரிவில் பல வருடங்களாக மரம் நடுகிறார்கள். எந்த மரத்தை நடுவது என்ற கேள்வியில் கிருஷ்ணனுக்குக் கறாரான கருத்து உண்டு: பூவுக்கும் அழகுக்கும் வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டு இந்த மண்ணின் மரங்களை ஓரங்கட்டக்கூடாது என்று கடைசிவரை வாதாடினார். அவர் அதை எந்த வருடம், எந்த ஊரைப் பார்த்துச் சொன்னார், பிறகு மாற்றிக்கொண்டாரா என்று தொடர்ந்து படித்துப் பார்க்கப் பத்திகள் வரிசையாகக் கிடைக்க வேண்டும். கார்சனில் அது முடிகிறது. ஒரு வாக்கியம் எங்கே பிறந்தது, எந்தக் கடிதத்துக்குப் பிறகு கடுமையானது என்று பின்தொடரலாம்.

அதற்காகக் கார்சனின் பெட்டிகளில் ஓட்டையே இல்லை என்று நினைக்க வேண்டாம். மெயின் மாநிலக் கடற்கரையில் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த தோழி டோரதி ஃப்ரீமனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1995இல் புத்தகமாக வந்தன. தன் நோயை ஊரறியாமல் மறைத்துக்கொண்டு ‘மௌன வசந்தம்’ எழுதிய பாடு அவற்றில்தான் தெரிகிறது. ஆனால் சில கடிதங்களை இருவருமே அழித்துவிட்டார்கள். அது அவர்களாக விட்ட இடைவெளி. கிருஷ்ணனின் இடைவெளிகள் யாரும் யோசித்து விட்டவை அல்ல, அச்சுக் காகிதத்தின் தலைவிதி. முன்னதை மதிக்கலாம். பின்னதை மதிக்க எனக்கு மனம் வரவில்லை.

வேங்கிக்காலில் இருந்தே எட்டக்கூடிய கிருஷ்ணனும் உண்டு. 1968 முதல் 1970 வரை நேரு நினைவு நல்கையில் தீபகற்ப இந்தியக் காடுகளைச் சுற்றி, யானை, காட்டெருது, மான்கள் என்று பெரிய பாலூட்டிகளை அவர் கணக்கெடுத்தார். அந்த ஆய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1971 தொடங்கிப் பகுதி பகுதியாக வந்தது. பழைய இதழ்கள் இணையத்தில் இலவசம். பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்த கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஏற்றி வைத்திருக்கிறது. அறிவியலாளர் கிருஷ்ணனும் கலைக்களஞ்சியக் கிருஷ்ணனும் இப்படிச் சுலபமாக அகப்படுகிறார்கள். அவருடைய ருசியான உரைநடை மட்டும் ஒளிந்துகொள்கிறது. ஆங்கிலப் பத்திக்குக் கொல்கத்தா தேசிய நூலகம் போக வேண்டும். தமிழ்க் கட்டுரைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் தொடங்கலாம்: கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பழைய இதழ்களும் புத்தகங்களும் அங்கே இருக்கின்றன. பெரும்பாலான இதழ்களுக்குப் பெயரடைவு கிடையாது. மா. கிருஷ்ணன் என்ற பெயரை ஏடு ஏடாகப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.