சென்னைக் குடிநீர் வழங்கல்

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத பெருநகரம் சென்னை. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு மூன்றும் மழைக்காலத்தில் மட்டும் பெருகி ஓடுபவை. ஆண்டுக்குச் சராசரியாக 1,300 முதல் 1,400 மி.மீ. வரை பெய்யும் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில், அதிலும் சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில நாள்களில் பிடித்து வைத்ததைக் கொண்டுதான் அடுத்த பருவம் வரை ஓட்டியாக வேண்டும். இந்நகரின் இரண்டரை நூற்றாண்டுக் குடிநீர் வரலாறு பெரும்பாலும் வறட்சிகளின் வரலாறே. ஒவ்வொரு வறட்சியும் தொலைவிலிருந்து ஒரு புதிய நீராதாரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. கையில் இருந்ததைப் பேணும் வேலையோ ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போனது.

ஏழு கிணறு முதல் கீழ்ப்பாக்கம் வரை

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஊர்மக்கள் வீட்டுக் கிணற்றையும் கோயில் குளத்தையும் ஏரியையும் நம்பியிருந்தார்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, பெத்தநாயக்கன்பேட்டையில் ஊறிய நன்னீரைக் கோட்டைக்குக் கொண்டுபோகக் கேப்டன் பேக்கர் ஒரு திட்டம் வகுத்தார். 1772இல் நடைமுறைக்கு வந்த அத்திட்டமே ‘ஏழு கிணறு’ என்று பெயர் பெற்றது. நாளொன்றுக்குச் சுமார் ஆறு லட்சம் லிட்டர் நீர் அதில் கிடைத்தது. நகரின் முதல் குடிநீர்த் திட்டம் என்று இதைக் குறிப்பது வழக்கம் என்றாலும், அதன் நீர் கோட்டைக்காகவே எடுக்கப்பட்டது. ஊருக்கு அடுத்த நூறு ஆண்டுகளுக்கு எந்த ஏற்பாடும் இல்லை.

1866இல் டபிள்யூ. ஃபிரேசர் என்ற பொறியாளர் கொசஸ்தலையாற்று நீரை நகருக்குத் திருப்பும் யோசனையை முன்வைத்தார். அதன்படி தாமரைப்பாக்கத்தில் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு எழுந்தது. அங்கிருந்து வாய்க்கால் வழியாகச் சோழவரம் ஏரிக்கும், சோழவரத்திலிருந்து செங்குன்றம் எனப்படும் புழல் ஏரிக்கும் நீர் சென்றது. புழலிலிருந்து திறந்த மண்கால்வாயில் தன் சரிவிலேயே கீழ்ப்பாக்கம் வந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் இறங்கியது. 1872 மே மாதம் இந்த ஏற்பாடு திறக்கப்பட்டது. இன்றைக்கும் நகரின் குடிநீர் அமைப்புக்கு முதுகெலும்பு இந்த வழித்தடமே. வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்த ஏரிகள் நகரின் நீர்த்தேக்கங்களாக மாறத் தொடங்கியதும் இங்கிருந்துதான். பிற்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் இதுவே நேர்ந்தது. நகரத்தின் தாகம் தீர்ந்த கதையில் இந்த ஏரிகளின் ஆயக்கட்டு உழவர்கள் விட்டுக்கொடுத்ததற்கு உரிய இடம் தரப்படவில்லை.

மண்கால்வாயில் வந்த நீர் வடிகட்டப்படாதது. வழியெங்கும் மாசு கலந்தது. மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி இதற்கு முடிவு கட்டினார். அவர் வடிவமைத்த திட்டத்தில் புழலிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை மண்ணுக்கடியில் கட்டுமான நீர்வழி அமைந்தது. கீழ்ப்பாக்கத்தில் 14 மெதுமணல் வடிகட்டிகள், நிலத்தடித் தூய நீர்த்தொட்டி, நீராவி இயந்திரங்கள், உயரமான எஃகுத் தொட்டி, அவற்றிலிருந்து தெருக்களுக்குப் பிரியும் குழாய்கள் ஆகியவை அமைந்தன. 1914 டிசம்பரில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் இயங்கத் தொடங்கியது. தியாகராய நகரிலுள்ள மேட்லி சாலை அவர் பெயரைத் தாங்குவது.

மேட்லி திட்டத்தின் கணக்கு உற்று நோக்கத்தக்கது. 1961இல் நகரின் மக்கள்தொகை 6.6 லட்சம் இருக்கும், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கேலன், அதாவது சுமார் 115 லிட்டர் வேண்டும் என்று வைத்துக் குழாய்கள் போடப்பட்டன. ஐம்பது ஆண்டு முன்னோக்கிப் பார்த்தது அந்தக் காலத்துக்குப் பெரிய தொலைநோக்கு. ஆனால் 1931 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை ஏறத்தாழ ஆறரை லட்சத்தைத் தொட்டுவிட்டது. 1961இல் 17 லட்சத்தைத் தாண்டியது.

பூண்டியும் அதன் பின்னும்

இதே காலத்தில் நகரம் தன் வயிற்றிலிருந்த நீர்நிலைகளை இழந்துகொண்டும் இருந்தது. மயிலாப்பூர், மாம்பலம் பக்கமாக நீண்டு கிடந்த நெடிய ஏரி 1920களில் வடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரியை மனையாக்குவது வளர்ச்சியாகவும், தொலைவில் அணை கட்டுவது குடிநீர்த் திட்டமாகவும் தனித்தனிக் கோப்புகளில் பார்க்கப்பட்டதன் விலையை நகரம் வெள்ளத்திலும் வறட்சியிலும் செலுத்தி வருகிறது.

எஸ். சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது முன்னின்று எடுத்த முயற்சியால் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட முடிவானது. 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டு, உலகப் போரின் நெருக்கடிக்கு நடுவே 1944இல் அது நிறைவுற்றது. 1943 மார்ச்சில் மறைந்த சத்தியமூர்த்தி அதைப் பார்க்கவில்லை. சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயரில் அது நிற்கிறது. இதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. புழல் (3,300), சோழவரம் (1,081), செம்பரம்பாக்கம் (3,645) ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கும் நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 11 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. ஆயிரம் மில்லியன் கன அடி) நீர் இருக்கும். பூண்டிக்குப் பிறகு புதிய நீர்த்தேக்கம் ஒன்று, கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை, 2020இல்தான் வந்தது. 0.5 டி.எம்.சி. கொள்ளும் அந்த ஒன்றுக்காக 76 ஆண்டுகள் ஆயின.

1960களில் ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் அமைந்தன. அருகிலிருந்த தொழிற்சாலைகளுக்கும் நகருக்கும் உழவுக்குமாகச் சேர்ந்து உறிஞ்சியதில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. உவர்த்துப்போன நிலத்தடி நீரை மீட்பது எளிதல்ல. ஓர் ஆதாரத்தை அதன் ஊற்றுக்கு மேல் சுரண்டினால் அது நிரந்தரமாகவே கைவிட்டுப் போகும் என்பதற்குச் சென்னையில் கிடைத்த முதல் பாடம் மீஞ்சூர்.

வாரியம், கிருஷ்ணா, வீராணம்

அதுவரை மாநகராட்சியின் ஒரு துறையாக இருந்த குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கு 1978இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டுச் சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் உருவானது. மக்கள் வாயில் அது ‘மெட்ரோ வாட்டர்’. குடிநீரையும் கழிவுநீரையும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் வைத்தது நல்ல முடிவு. கழிவுநீரை மறுபடி பயன்படுத்தும் திட்டங்கள் பின்னாளில் வேர்பிடிக்க அது வழி செய்தது.

கிருஷ்ணா நதியிலிருந்து மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சென்னைக்குத் தலா 5 டி.எம்.சி. தருவதென்று 1976இல் ஒப்புக்கொண்டன. 1983இல் ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வழியில் ஆகும் இழப்பு போக 12 டி.எம்.சி. எல்லையில் கிடைக்க வேண்டும். ஸ்ரீசைலத்திலிருந்து சோமசீலா, கண்டலேறு வழியாக ஊத்துக்கோட்டை அருகே ‘ஜீரோ பாயின்ட்’ எனப்படும் எல்லையைத் தொட்டுப் பூண்டிக்கு நீர் 1996இல் வந்து சேர்ந்தது. கண்டலேறு – பூண்டி கால்வாயின் 177 கி.மீ.யில் 152 கி.மீ. ஆந்திரத்தில் உள்ளது. கரை சரிந்தும் கசிந்தும் வழியிலேயே நீர் பெருமளவு குறைந்ததால், 2000களின் தொடக்கத்தில் சத்ய சாய்பாபாவின் அறக்கட்டளை கால்வாயைச் சீரமைத்துக் கரைகளைப் பலப்படுத்தியது. அதன் பின் வரத்து கூடியது. ஆனாலும் 12 டி.எம்.சி. என்ற எண் கோப்பில் இருப்பதுபோல் கால்வாயில் ஓடுவதில்லை. மேலே மழை பொய்த்தால் கீழே கேட்டுப் பெறுவது கடினம்.

சோழர் காலத்து வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு நீர் கொண்டுவரும் எண்ணம் 1960களிலேயே தொடங்கி, எழுபதுகளில் பாதியில் நின்றது. சாலையோரம் கிடந்த ராட்சதக் குழாய்களையே அத்திட்டத்தின் அடையாளமாக ஒரு தலைமுறை கண்டது. 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது. சேத்தியாத்தோப்பில் எடுத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, சுமார் 230 கி.மீ. குழாய்வழியே போரூருக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அனுப்பும் அமைப்பு அது. வீராணத்துக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றில் வருவது காவிரி நீர். ஆகவே சென்னையின் குழாயில் ஒரு பக்கம் கிருஷ்ணாவும் மறுபக்கம் காவிரியும் வருகின்றன. இரண்டுமே பிறரோடு பேசித் தீர்க்க வேண்டிய ஆறுகள்.

2003–04 வறட்சியும் மழைநீர்ச் சேகரிப்பும்

2003இலும் 2004இலும் ஏரிகள் வற்றியபோது தெருக்குழாய்களில் நீர் வருவது ஏறத்தாழ நின்றேபோனது. நகரம் முழுவதும் லாரித் தண்ணீரில் வாழ்ந்தது. வாரியம் சுற்றுப்புறக் கிராமத்து உழவர்களின் கிணறுகளை வாடகைக்கு எடுத்தது. வசதியுள்ளவர்கள் தனியார் லாரியைக் கூப்பிட்டார்கள். இல்லாதவர்கள் தெருமுனைத் தொட்டியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தார்கள். தண்ணீர்ப் பஞ்சம் எல்லாருக்கும் பொது என்று பேசுவது சரியல்ல. பெண்களின் நேரமும் உறக்கமுமே அதில் முதலில் செலவானது.

அந்த நெருக்கடியில் பிறந்த ஒரு நடவடிக்கை, என் மதிப்பீட்டில், மேலே சொன்ன பெருந்திட்டங்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கி, சில மாதக் கெடு விதித்து, மீறினால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றது. மொட்டைமாடி நீரை மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய குழி வழியாக நிலத்துக்குள் விடும் இந்த எளிய ஏற்பாட்டால், 2005இன் பெருமழைக்குப் பின் பல பகுதிகளில் கிணற்று மட்டம் ஏறியது, உவர்ப்பும் குறைந்தது. மணற்பாங்கான கடற்கரைப் பகுதிகளில் பயன் விரைவாகத் தெரிந்தது. ஆனால் குழியைத் தூர்வாராவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது அடைத்துக்கொள்ளும். கட்ட வைத்த சட்டத்துக்கு ஈடாகப் பராமரிக்க வைக்கும் ஏற்பாடு அமையவில்லை.

கடல்நீரும் கழிவுநீரும்

மழையைச் சாராத ஆதாரம் வேண்டும் என்ற முடிவின் விளைவுகள் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010இலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் 2013இலும் தலா 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் இயங்கத் தொடங்கின. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 4,276 கோடி ரூபாயில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் உயர் அழுத்தத்தில் கடல்நீரைச் சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் இதற்குத் தேவை. எடுத்த நீரில் பாதிக்கு மேல் செறிந்த உப்புநீராகக் கடலுக்கே திரும்புகிறது. மீன்பாடு குறைவதாகவும் கரை அரிப்பதாகவும் அருகிலுள்ள மீனவர்கள் முறையிடுவதைத் திட்டச் செலவின் ஒரு பகுதியாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

கழிவுநீரை மறுபடி பயன்படுத்துவதில் சென்னை முன்னோடி. மணலியில் உள்ள சென்னைப் பெட்ரோலியம், மெட்ராஸ் உரத் தொழிற்சாலை ஆகியவை 1990களின் தொடக்கத்திலிருந்தே வாரியத்திடம் சுத்திகரித்த கழிவுநீரை வாங்கி, மேலும் தூய்மைப்படுத்திப் பயன்படுத்துகின்றன. 2019இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவற்றின் நீர் திருப்பெரும்புதூர், ஒரகடம், மணலி போன்ற பகுதிகளின் ஆலைகளுக்குச் செல்கிறது. ஆலைக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும் வீட்டுக்கு மிஞ்சும் நல்ல தண்ணீர் என்பதால், கடல்நீரைவிட இதையே முதலில் பெருக்கியிருக்க வேண்டும். மழை பொய்த்தாலும் நகரம் இருக்கும்வரை கழிவுநீர் வந்துகொண்டே இருக்கும்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் பாய, நகரின் ஒரு பகுதி மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே ஏரி தரைதட்டியது. வழக்கமான 83 கோடி லிட்டருக்குப் பதில் 52.5 கோடி லிட்டரே வழங்க முடிந்தது. ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்து, கீழ்ப்பாக்கத்துக்குக் குழாயில் போனது. சிக்கராயபுரத்துக் கல்குவாரி நீரும் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரிக்கப்பட்டது. ஆனாலும் 2003 போல் நகரம் முழுவதும் குழாய்கள் காயவில்லை. கடல்நீரும் வீராணமும் தாங்கின. பல ஆதாரங்களைச் சேர்த்து வைத்ததன் பலன் அன்று தெரிந்தது.

குழாய்கள்

2011இல் மாநகராட்சி ஏறத்தாழ 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ.யாக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், திருவொற்றியூர் முதலான நகராட்சிகளின் தனித்தனிக் குழாய் அமைப்புகள் வாரியத்திடம் வந்தன. பல பகுதிகளில் குழாயே இல்லை. பழைய நகரத்திலோ நூறாண்டு கண்ட வார்ப்பிரும்புக் குழாய்கள் உட்புறம் துருவேறிச் சுருங்கியவை. அழுத்தம் இல்லாத நேரத்தில் வெடிப்பு வழியே சாக்கடை உள்ளே புகுகிறது. அழுத்தம் குறைவென்பதால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் சம்ப் தோண்டி மோட்டார் போட்டு இழுக்கிறார். அதனால் தெருக்கோடி வீட்டுக்கு அழுத்தம் இன்னும் குறைகிறது. பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது, மாதக் கட்டணம் ஒரே அளவு. ஆகவே எங்கே எவ்வளவு கசிகிறது என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வழியில்லை. வார்ப்பிரும்பை எடுத்துவிட்டு நீட்சியுறு இரும்புக் குழாய் பதிக்கும் வேலை தெருத்தெருவாக நடக்கிறது. நெரிசலான வடசென்னைச் சந்துகளில் இரவில்தான் தோண்ட முடிகிறது.

ஆதாரங்கள் பலவாக இருந்தும் ஒன்றின் நீர் மற்றொன்றின் பகுதிக்குப் போக முடியாதது மிச்சமிருக்கும் பெருங்குறை. வீராணம் நின்றால் தென்சென்னை தவிக்கிறது, மீஞ்சூர்க் கடல்நீர் நிலையம் நின்றால் வடசென்னை தவிக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களையும் பகிர்மான நிலையங்களையும் சுற்றிவளைத்து இணைக்கும் வட்டக் குழாய்த் திட்டம் இதற்காகவே வகுக்கப்பட்டுள்ளது. அது முடிந்தால் பேரூரின் கடல்நீரைத் திருவொற்றியூருக்கும், புழலின் மழைநீரைச் சோழிங்கநல்லூருக்கும் தேவைப்படும்போது திருப்பிவிடலாம். தெருக்குழாய்களை மாற்றி முடிக்க அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் பிடிக்கும்.