இலங்கையில் இணையமும் பொதுசன அபிப்பிராயமும்

இணையத்தினால் விளையும் நன்மை தீமைகள் எவையென வினவின், நம் மாணவருட் பெரும்பாலோர் இரு நிரல்களாக எழுதிக் காட்டிவிடுவர். அறிவு பெருகும், உறவு வளரும் என்பன ஒரு நிரல். பொய் பரவும், பொழுது வீணாகும் என்பன மற்றது. பரீட்சைக்கு இவ்விடை போதும். வரலாற்றை ஆராய்வோனுக்கோ அது போதாது. ஒரு கருவியைப்பற்றி மக்கள் உள்ளத்தே கொண்டுள்ள மதிப்பு, அக்கருவி தம் கையினின்றும் திடீரெனப் பறிக்கப்படும்போதே வெளிப்படும். 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் இந்நாட்டு மக்களுக்கு அவ்வநுபவம் கிட்டியது.

அதன் முன் சிறிது பின்னோக்குவாம். 1990 ஆம் ஆண்டளவிற் சர்வகலாசாலையார் சிலரிடையே மின்னஞ்சலாகத் தொடங்கிய இத்தொடர்பு, 1995 இற் கட்டணச் சேவையாகப் பொதுமக்களை அடைந்தது. பொதுமக்கள் என்றது கொழும்பு மக்களையே. அவ்வாண்டில் யாழ்ப்பாணத்தார்க்கு மின்சாரமுமில்லை, தொலைபேசியுமில்லை. மண்ணெண்ணெய் விளக்கொளியிலேயே அவர்தம் பிள்ளைகள் படித்தனர். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் நகரிலே ‘நெற் கபே’ என்னும் கடைகள் தோன்றின. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகளுடன் தொடர்புகொள்ளும் பொருட்டு, கணினியைத் தொட்டறியாத முதியோரும் அங்கே சென்றனர். ஆகவே வடபுலத்தாரிடையே இணையம் விளையாட்டுப் பொருளாகவோ வியாபாரக் கருவியாகவோ அறிமுகமாகவில்லை; பிரிந்த குடும்பத்தின் வாயிலாகவே அறிமுகமாயிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்துடன் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தழிந்த நிலத்தின் ஏடுகளைத் தேடித் தொகுக்கும் ‘நூலகம்’ என்னும் இணையநூலகம் 2005 இல் எழுந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய கல்லூரி மலர்களை இன்று நம்மிற் பலர் அங்கேதான் தேடிப் படிக்கின்றனர்.

இனி முதலாவது தடையை நோக்குவாம். 2018 மாசி 26 ஆந் திகதி இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரது உணவுச்சாலையிற் கறியிலே கிடந்த ஒரு கட்டி, மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரையென்று குற்றஞ்சாட்டப்பட்டது. சூழ்ந்து நின்றோர் சிங்களத்தில் வினவியது நன்கு விளங்காமலே அச்சத்தினால் ஆமெனத் தலையசைத்த கடைக்காரரின் காட்சி முகநூலிற் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி எனத் தெரிந்தது. அத்தகைய மாத்திரை ஒன்று உலகில் இல்லவேயில்லை. அதனை விசாரித்தறியும் பொறுமைதான் அவ்விரவில் எவர்க்கும் இருக்கவில்லை. அடுத்த வாரமே கண்டி மாவட்டத்திற் திகனை, தெல்தெனியா முதலிய இடங்களிற் கலவரம் மூண்டது. பங்குனி 6 ஆந் திகதி அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. மறுநாள் முகநூல், வட்ஸ்அப், வைபர் முதலியன முடக்கப்பட்டன. முகநூல் 15 ஆந் திகதியே மீண்டது. சிங்களப் பதிவுகளைப் பரிசோதிக்கப் போதிய ஆட்கள் முகநூல் நிறுவனத்திடம் அக்காலத்தில் இருக்கவில்லை. 2020 இல் அந்நிறுவனமே தன் தளம் துர்ப்பிரயோகஞ் செய்யப்பட்டமைக்கு வருத்தந் தெரிவித்தது. எரிந்த வீடுகளைக் கண்டோர் இத்தடையை நியாயமென்றே கருதினர். யானும் அதனைத் தவறென்று கூறத் துணியேன்.

2019 சித்திரை 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும், கொழும்பில் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றே சமூக வலைத்தளங்கள் மீண்டும் அடைபட்டன. சித்திரை 30 இலேயே திறந்தன. காரணம் முன்னையதே, மக்கள் நிலையோ வேறு. உறவினர் உயிருடன் உளரோ என்று பிறநாடுகளிலிருந்து பதைத்தவர்க்கு வழக்கமான வழி மூடிக்கிடந்தது. தொலைபேசி இயங்கியது உண்மையே. ஆயின் பணங்கொடுத்து வெளிநாட்டு அழைப்பெடுக்கும் வழக்கத்தை நம்மவர் கைவிட்டுப் பல்லாண்டுகளாயிருந்தன. தடையைக் கடந்து செல்லும் ‘வீ.பி.என்.’ என்னும் மாற்றுவழியைப் பலர் பற்றினர். தடை நீங்கிய சில நாட்களுள், வைகாசி 12 ஆந் திகதி, சிலாபத்தில் ஒரு வணிகர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி அச்சுறுத்தலெனப் பிழைபடக் கொள்ளப்பட, அங்கே கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வடமேல் மாகாணத்தின் ஏனைய ஊர்களுக்கும் வன்செயல் பரவ, 13 ஆந் திகதி மறுபடியும் தடை வந்தது. ஒன்பது நாள் அடைத்துவைத்தமையால் அச்சமும் பகையும் தணிந்தில என்பதை இஃது உணர்த்தியது.

மூன்றாவது தடை முற்றிலும் வேறு வகையானது. 2022 ஆம் ஆண்டில் எரிபொருளும் சமையல் வாயுவும் பால்மாவும் கிட்டாது, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் மின்சாரமின்றி மக்கள் வாடிய வேளை, சித்திரை 3 ஆந் திகதி ஆர்ப்பாட்டஞ் செய்யுமாறு முகநூல் வழியே அழைப்பு விடுக்கப்பட்டது. அரசாங்கம் ஊரடங்குச் சட்டத்தைப் பிறப்பித்ததோடு அவ்வலைத்தளங்களையும் அடைத்தது. இம்முறை இனக்கலவரமில்லை, மறைக்கவேண்டிய பொய்யுமில்லை. தடையால் மக்கள் வெகுண்டனரேயன்றி அடங்கினாரல்லர். அமைச்சரும் சனாதிபதியின் பெறாமகனுமாகிய நாமல் ராஜபக்‌ஷ, தாமே வீ.பி.என். வழியாக எழுதுவதாகவும் இத்தகைய தடை பயனற்றதெனவும் பகிரங்கமாகக் கூறினார். தடையிட்ட அரசாங்கத்தின் அமைச்சரே தடையை மீறி அதனைக் கண்டித்த இந்நிகழ்ச்சி நம் வரலாற்றிற் புதுமையே. ஏறத்தாழப் பதினைந்து மணித்தியாலங்களில் தடை நீங்கிற்று. பேராதனையில் மாணவரும் கொழும்பில் எதிர்க்கட்சியினரும் அன்றே தெருவில் இறங்கியிருந்தனர்.

இந்நினைவுகள் ஆறுமுன்னரே நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. சனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு, பொய்யான கூற்று எதுவெனத் தீர்மானித்து அதனை அகற்றப் பணிக்கலாம் என்பது அதன் சாரம். உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் பல தாக்கலாயின. நீதிமன்றமும் திருத்தங்கள் பலவற்றை விதித்தது. 2024 தை 24 ஆந் திகதி 108 வாக்குகள் சார்பாகவும் 62 எதிராகவும் கிடைக்க, அது நிறைவேறிற்று. அம்பாறை மாக்கட்டியை மறவாதோரும் அதனை எதிர்த்தோரில் இருந்தனர். பொய் தீங்கன்று என்று அவர்கள் வாதிக்கவில்லை. 2018 இல் முடக்கிய அதே கைதான் 2022 இலும் முடக்கியது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.