ஆசிரியர் வருமுன் திறந்த பள்ளிகள்

வேளாண்மையைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று நம் நாட்டில் பேசாத கல்விக் குழு இல்லை எனலாம். ஆனால் அதைக் கற்பிப்பவருக்கு யார் கற்பிப்பது என்ற வினாவைத் தொடக்கத்திலேயே எழுப்பியவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் இருவர் தமிழ்க் கிறிஸ்தவர் என்பதை நம் மக்களுள் பலர் அறியார்.

1937 அக்டோபர் 22, 23 நாள்களில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய மாநாடு, ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் அமைப்பாளர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம். உறுப்பினருள் ஒருவர் 1892-இல் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. நூற்பு, தச்சு, வேளாண்மை, காய்கனித் தோட்டம், தோல் வேலை ஆகியவற்றுள் ஒன்றை நடுவாகக் கொண்டு ஏனைய பாடங்களைக் கற்பிக்கலாம் என்றது குழு. அதோடு நில்லாமல், ஆசிரியருக்கு மூன்றாண்டு முழுப் பயிற்சியும், ஏற்கெனவே பணியில் உள்ளோருக்கு ஓராண்டுக் குறும்பயிற்சியும் வேண்டும் என வரையறுத்தது. அடுத்த ஆண்டே வார்தாவில் பயிற்சிப் பள்ளி எழுந்தது.

ஓராண்டு எதற்கு என்று கேட்கலாம். மண்வெட்டி பிடித்தறியாத ஆசிரியர் உண்டு. வயலை அறிந்திருந்தும் பாத்தியிலிருந்து பரப்பளவையும், எருக்குழியிலிருந்து வேதியியலையும் வருவிக்கத் தெரியாத ஆசிரியரும் உண்டு. முன்னவருக்குக் கை பழக வேண்டும், பின்னவருக்குக் கண் பழக வேண்டும். இரண்டும் விரிவுரையால் வருவன அல்ல.

குமரப்பா பட்டயக் கணக்கர்; அமெரிக்காவில் பொருளியல் பயின்றவர். 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராகி, வார்தாவின் மகன்வாடியில் கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு எனச் சிற்றூர் உணவுத் தொழில்களை ஆராய்ந்து, ஊழியர்களுக்கும் அவற்றில் பயிற்சி தந்தார். ஆலையில் அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு எது வெளியேறுகிறது, அதனால் ஏழையின் உடல் எதை இழக்கிறது என்று கேட்பதே அவருக்குப் பாடத்தின் தொடக்கம். இன்று உணவுத் தொழில்நுட்பம் என்று நாம் பெயரிடுவதை அவர் உலக்கையின் அருகில் நின்று கற்பித்தார். இயேசுவின் போதனையையும் வாழ்வையும் குறித்து அவர் சிறையிலிருந்து எழுதிய நூலொன்றும் உண்டு. நாம் குருமடத்தில் பயின்ற ஆண்டுகளில் எவரும் அதைச் சுட்டிக்காட்டியதில்லை.

விடுதலைக்குப் பின் வந்தது அவசரம். 1953-இல் இராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று எதிர்ப்பெழ, 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். எதிர்ப்பு நியாயமானதே. ஆசிரியர் நிற்க வேண்டிய இடத்தில் சாதியை நிறுத்திய திட்டம் அது.

அதே 1953-இல் இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. வேளாண்மையும் மனையியலும் அவற்றில் தனிப் பிரிவுகளாயின. பள்ளிகள் விரைவில் பெருகின. அப்பிரிவுகளுக்குத் தகுந்த ஆசிரியர் கிடைக்கவில்லை. அக்குறையை நீக்க அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் ஆகிய நான்கு நகரங்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள் 1963 முதல் எழுந்தன. அதற்குள் பத்தாண்டு கடந்திருந்தது. குமரப்பா 1960 சனவரி 30 அன்றே மறைந்துவிட்டார். பணியில் இருந்த பயிற்சியற்ற ஆசிரியருக்கெனக் கோடை வகுப்பையும் அஞ்சல்வழிப் பாடத்தையும் இணைத்து இக்கல்லூரிகள் நடத்திய முறை பாராட்டுக்குரியது. ஆயினும் 1966-இல் அறிக்கை தந்த கோத்தாரிக் குழு, பள்ளி அளவிலான வேளாண் தொழிற்கல்வியில் நம்பிக்கை வைக்காமல், வேளாண் பயிலகங்களின் பக்கம் திரும்பிவிட்டது. ஆசிரியர் உருவாகத் தொடங்கிய வேளையில் அவருக்குரிய வகுப்பின் மீதே ஐயம் விழுந்தது.

தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வியோடு தொழிற்பிரிவுகளும் வந்தன. அவ்வாண்டே வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான குழு, மேல்நிலையில் தொழிற்கல்வியை வலியுறுத்தித் தன் அறிக்கையை அளித்தது.

நம் பங்குகளுக்கு வருவோம். கிணறும் நிலமும் கொண்ட மறைமாவட்டப் பள்ளிகள் நம்மிடையே உண்டு. அந்நிலம் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். வேளாண் ஆசிரியருக்குப் பயிற்சி தருவதாயின் மே மாத விடுமுறையையே நாம் நினைக்கிறோம். மே மாதம் ஆசிரியருக்கு வசதி. சம்பா நடவோ ஐப்பசியில் புகும் பூச்சியோ அப்போது வயலில் இராது. நடவுக்கு ஒரு வாரம், பயிர் காக்க ஒரு வாரம், அறுவடைக்குப்பின் நெல் அவிக்கவும் உலர்த்தவும் ஒரு வாரம் என ஆசிரியரை வகுப்பிலிருந்து விடுவித்தால், அவருக்கு மாற்றாக ஒருவரை அமர்த்தும் செலவு வரும். குத்தகைப் பணத்தின் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாம். அடுத்த குத்தகை ஒப்பந்தம் எழுதும்போது, அரை ஏக்கரைப் பள்ளிக்கென விலக்கி வைக்கும் ஒரு வரியையும் சேர்க்குமாறு பங்குப் பேரவைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.